ஒன்ராறியோவில் புது வீட்டுக்கு வெப்பமூட்டும் முறையைத் தெரிவு செய்வது எப்படி?

ஒன்ராறியோவில் புது வீடு கட்டுவோரும், கட்டி முடியும் முன்பே பில்டரிடம் பதிவு செய்வோரும் சமையலறைக் கல்லுக்கும் தரைப் பலகைக்கும் எடுத்துக்கொள்ளும் அக்கறையை வெப்பமூட்டும் கருவிக்கு எடுத்துக்கொள்வதில்லை. உள்சுவர்ப் பலகையான ட்ரைவால் அடித்த பிறகு காற்றுக்குழாய்களை மாற்றுவது பெரும் செலவு பிடிக்கும் வேலை. ஆகவே இந்த முடிவை வரைபட நிலையிலேயே எடுத்துவிட வேண்டும்.

முதலில் கேட்டு வாங்க வேண்டியது வெப்ப இழப்புக் கணக்கு. சுவர், கூரை, யன்னல், காற்றுக் கசிவு ஆகியவற்றைக் கொண்டு, அந்த ஊரின் கடுங்குளிரில் ஒவ்வோர் அறையும் எவ்வளவு வெப்பத்தை இழக்கும் என்பதை அது காட்டும். கனடாவில் அதற்கென சிஎஸ்ஏ எஃப்280 என்ற தரவிதி உண்டு. ரொறன்ரோ நகருக்குச் சுமார் -18 பாகை செல்சியஸ், ஒட்டாவாவுக்குச் சுமார் -25 என்று வைத்துக் கணக்கிடுவார்கள். சதுர அடியை மட்டும் கேட்டுவிட்டுக் கருவியின் அளவைச் சொல்பவரிடம் வேலையை ஒப்படைக்காதீர்கள். தேவைக்கு மிஞ்சிய ஃபர்னஸ் (எரிபொருளை எரித்துக் காற்றைச் சூடாக்கிக் குழாய்கள் வழியே வீடெங்கும் அனுப்பும் கருவி) சில நிமிடங்கள் எரிந்து நின்று, மறுபடி எரியும். தெர்மோஸ்டாட் உள்ள கூடம் சூடேறிவிட, மாடியின் கோடி அறை குளிர்ந்தே கிடக்கும்.

அடுத்தது முறை. தரைக்கடியில் சுடுநீர்க் குழாய் பதிப்பது மிகவும் இதமானது. ஆனால் கோடைக்குக் குளிரூட்டியும் அதற்கான குழாய்களும் தனியாக வேண்டும் என்பதால் செலவு கூடும். சுவரடியில் வைக்கும் மின்சாரச் சூடேற்றியான பேஸ்போர்டு பொருத்த மலிவு, பயன்படுத்தச் செலவு. எஞ்சியிருப்பவை எரிவாயு ஃபர்னஸ், வெளிக்காற்றின் வெப்பத்தை மின்சாரத்தால் வீட்டுக்குள் இழுத்துவரும் ஹீட் பம்ப், இரண்டும் சேர்ந்த கலப்பு முறை. ஏசிக்கு எப்படியும் பணம் கொடுக்கத்தான் போகிறோம்; அந்த இடத்தில் குளிர்நாட்டுக்கென வடிவமைத்த ஹீட் பம்பை வைத்தால் கோடையில் குளிரூட்டுவதையும் குளிர்காலத்தில் வெப்பமூட்டுவதையும் ஒரே கருவி பார்த்துக்கொள்ளும். எரிவாயு இணைப்பு உள்ள இடத்தில் கலப்பு முறையையும், இணைப்பே இல்லாத இடத்தில் மின்சாரத் துணைச்சூடேற்றியுடன் கூடிய ஹீட் பம்பையும் நான் பரிந்துரைப்பேன்.

செலவை நீங்களே ஒப்பிடலாம். ஒரு கன மீற்றர் எரிவாயு, 95 சதவீதத் திறனுள்ள ஃபர்னஸில் ஏறத்தாழ 10 கிலோவாட் மணி வெப்பம் தரும். அதே வெப்பத்துக்கு, மிதமான குளிரில் தான் எடுக்கும் மின்சாரத்தைப் போல் மூன்று மடங்கு வெப்பம் தரும் ஹீட் பம்புக்குச் சுமார் 3.3 கிலோவாட் மணி மின்சாரம் போதும். கடுங்குளிரில் அது இரண்டு மடங்காக இறங்கினால் 5 தேவை. பேஸ்போர்டுக்கு முழுதாக 10. விநியோகக் கட்டணத்தையும் சேர்த்து, உங்கள் பகுதியின் விலைகளை இந்த எண்களில் பொருத்திப் பாருங்கள். எரிவாயு போன்ற எரிபொருள்கள் மீது கூட்டாட்சி அரசு விதித்த நுகர்வோர் கார்பன் கட்டணம் 2025 ஏப்ரல் 1 முதல் இல்லை என்பதால், அதற்கு முந்திய ஒப்பீடுகள் எரிவாயுவின் செலவைக் கூட்டியே காட்டும். இரவு 11 முதல் காலை 7 வரை மிகக் குறைந்த விலையில் மின்சாரம் தரும் திட்டத்தை எடுத்தால், வார நாள்களில் மாலை 4 முதல் 9 வரை விலை மிக அதிகம் என்பதையும் கணக்கில் சேருங்கள்.

ஹீட் பம்பைத் தெரிவு செய்தால் பில்டரிடம் எழுத்தில் கேட்க வேண்டியவை சில உள்ளன. அதிலிருந்து வரும் காற்று ஃபர்னஸ் காற்றைவிடச் சூடு குறைந்தது என்பதால், அதே வெப்பத்தைக் கொண்டுசேர்க்க அதிகக் காற்று வேண்டும். குழாய்கள் அதற்கேற்ற அகலத்தில் இருக்க வேண்டும். துணைச்சூடேற்றியும் மின்சாரக் கார் சார்ஜரும் வருமானால் 200 ஆம்பியர் இணைப்பு கேளுங்கள். வெளிக்கருவியைப் பனி மூடாத உயரத்தில், தாங்கியின் மேல் வைக்கச் சொல்லுங்கள். அதன் மேல் படியும் உறைபனியைக் கருவி அவ்வப்போது உருக்கி வெளியேற்றும். அந்தத் தண்ணீர் நடைபாதையில் வழிந்தால் பனிக்கட்டியாகி ஆளை வழுக்கி விழுத்தும். உங்கள் படுக்கையறை யன்னலும் அயலவரின் யன்னலும் அதற்கு அருகில் இல்லாதிருப்பது நல்லது.

கையொப்பமிடும் முன், ஒப்பந்தத்தின் பின்னிணைப்புகளில் சுடுநீர்க் கலமோ ஃபர்னஸோ வாடகைக்கு வருகிறதா என்று தேடிப் பாருங்கள். வருமானால் மாத வாடகை, ஆண்டுதோறும் அது எவ்வளவு ஏறும், முழுதாக வாங்கிவிட என்ன தொகை, வீட்டை விற்றால் யார் பொறுப்பு ஆகிய நான்கையும் எழுத்தில் பெற்று, உங்கள் வழக்கறிஞரிடம் காட்டுங்கள்.