தலையாட்டிவிட்டு வராதீர்கள்: குடியமர்வு உதவி நிலையத்தைப் பயன்படுத்துவது எப்படி

புது நாட்டில் இறங்கிய ஒன்பதாம் நாள், குடியேறிகளுக்கும் அகதிகளுக்கும் உதவும் ஒரு தொண்டு நிறுவனத்தில் நானும் அம்மாவும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம். எதிரே இருந்த பெண்மணி வங்கிக் கணக்கு, மருத்துவர், மொழி வகுப்பு, பேருந்து அட்டை என்று சிரித்த முகத்தோடு சொல்லிக்கொண்டே போனார். நாங்கள் இரண்டு பேரும் பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினோம். வெளியே வந்து படி இறங்கும்போது அம்மா கேட்டார்: "திரும்ப எப்ப வரட்டாம்?"

எனக்குத் தெரியவில்லை. "நீங்களும்தானே தலையாட்டினீங்கள்" என்றேன். இரண்டு பேரும் சிரித்தோம். ஆனால் அந்த அடுத்த சந்திப்பு தவறிப்போனது. மொழி வகுப்பில் இடம் கிடைக்க நான்கு மாதம் பிந்தியது.

இப்போது நான் அந்த மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறேன். சில வருடம் மொழிபெயர்ப்பாளர், அப்புறம் கேஸ் வொர்க்கர் (உங்கள் ஃபைலைப் பொறுப்பெடுத்துப் பார்க்கும் பணியாளர்), மொத்தம் பதினொரு வருடம். தலையாட்டுகிறவர்களைத் தினமும் பார்க்கிறேன். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில், இது எந்த மாதிரி இடம்?

இது அரசு அலுவலகம் இல்லை. உங்கள் அகதிக் கோரிக்கையை ஏற்பதோ மறுப்பதோ இங்கே நடக்காது. பெரும்பாலும் அரசு நிதியும் நன்கொடையும் சேர்ந்து ஓடுகிற நிறுவனங்கள் இவை. வீடு தேடுவது, பிள்ளையைப் பள்ளியில் சேர்ப்பது, மருத்துவரிடம் பதிவு செய்வது, படிவம் நிரப்புவது, மொழி வகுப்பு, வேலை தேட வழிகாட்டுவது ஆகியவை இவற்றின் வேலை. குடியமர்வு உதவிக்குப் பணம் வாங்க மாட்டார்கள். ஐ.நா.வின் அகதிகள் அமைப்பான யு.என்.எச்.சி.ஆர் செய்யும் பதிவுக்கும், அகதிகளை வேறொரு நாட்டில் குடியமர்த்தும் மீள்குடியமர்வுக்கும்கூடக் கட்டணம் கிடையாது. "கொஞ்சம் பணம் தந்தால் வரிசையில் முன்னால் போகலாம்" என்று ஒருவர் சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சிலருக்கு உதவி கேட்டுப் போவதே கூச்சமாக இருக்கும். சொந்த ஊரில் பத்துப் பேருக்குக் கொடுத்த கை, இப்போது நீட்டுகிறதே என்று. இந்தத் துறையின் பெரிய அமைப்புகளில் ஒன்றான ஐ.ஆர்.சி (சர்வதேச மீட்புக் குழு) 1933இல் தொடங்கியது. ஹிட்லர் ஆட்சியில் அவதிப்பட்டவர்களுக்கு உதவ வேண்டும் என்று அதற்கு வித்திட்டவர் ஆல்பர்ட் ஐன்ஸ்டைன். அதே 1933இல் ஜெர்மனிக்குத் திரும்புவதில்லை என்று முடிவெடுத்தவர்தான் அவரும். அதனால் கூச்சத்தை வாசலில் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வாருங்கள்.

முதல் சந்திப்பிலேயே கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு: "என் ஃபைல் எத்தனை நாள் திறந்திருக்கும்?" யாரும் கேட்பதில்லை. உதவிக்குப் பல நாடுகளில் ஒரு முடிவுத் தேதி இருக்கிறது. அமெரிக்காவில் மீள்குடியமர்வில் வந்த அகதிகளுக்கான வரவேற்பு உதவி நெடுங்காலம் 90 நாள் கணக்கில் நடந்தது. கனடாவில் அரசு உதவியோடு வரும் அகதிகளுக்கு வருமான உதவி பொதுவாக ஓராண்டு வரை. ஆஸ்திரேலியாவின் மனிதாபிமானக் குடியமர்வுத் திட்டம் ஆறு முதல் பதினெட்டு மாதம். தஞ்சம் கோரிக் காத்திருப்பவர்களுக்குக் கணக்கே வேறு. தேதி தெரிந்தால்தான் எதை முதலில் செய்வது என்று தெரியும். தெரியாவிட்டால், தளபாடம் வாங்கித் தருவார்களா என்று கேட்டே மூன்று மாதம் ஓடிவிடும்.

பெயரும் பிறந்த தேதியும்

இதைக் கொஞ்சம் நீட்டித்தான் சொல்லப் போகிறேன். என் மேசைக்கு வரும் சிக்கல்களில் பாதி இங்கேதான் தொடங்குகிறது.

நமக்குக் குடும்பப் பெயர் கிடையாது. அப்பா பெயர், நம் பெயர், அவ்வளவுதான். படிவத்திலோ இரண்டு கட்டம் இருக்கும். விமான நிலையத்தில் ஒருவர் அப்பா பெயரைக் குடும்பப் பெயராகப் போடுவார். மருத்துவமனையில் இன்னொருவர் அதையே உங்கள் பெயராக்கிவிடுவார். பள்ளியில் உங்கள் மகனின் குடும்பப் பெயர் உங்கள் பெயர், உங்களுடையதோ உங்கள் அப்பா பெயர். ஒரே வீட்டில் மூன்று குடும்பப் பெயர்! "இது உங்கள் பிள்ளைதானா?" என்று ஓர் எழுத்தர் கேட்டபோது அழுதுவிட்ட தாயை எனக்குத் தெரியும்.

வழி எளிது. அந்த நாடு உங்களுக்குக் கொடுத்த முதல் அடையாள ஆவணத்தில் பெயர் எந்த எழுத்துக்கூட்டலில், எந்த வரிசையில் இருக்கிறதோ, அதையே எல்லா இடத்திலும் எழுதுங்கள். பிடிக்காவிட்டாலும் சரி, ஓர் எழுத்து தவறாக இருந்தாலும் சரி. திருத்த வேண்டுமானால் அந்த மூல ஆவணத்தை முதலில் திருத்த வேண்டும். அதற்கு கேஸ் வொர்க்கரிடம் முதல் மாதத்திலேயே கேளுங்கள். வங்கியில் ஒன்று, வரி அலுவலகத்தில் ஒன்று என்று ஆனபிறகு அது நூல்கண்டு சிக்கின கதைதான்.

பிறந்த தேதியும் அப்படித்தான். சான்றிதழ் இல்லாதவர்களுக்கு ஜனவரி 1 என்று போட்டுவிடுவது பல நாடுகளில் வழக்கம். ஒரு வகுப்பறையில் பாதிப் பேருக்கு ஒரே நாளில் பிறந்தநாள் வருவதை நான் பார்த்திருக்கிறேன். உங்களிடம் வேறு சான்று இருந்தால் உடனே காட்டுங்கள். வயது ஓரிரு வருடம் மாறினால் பிள்ளையின் வகுப்பும் பெரியவரின் ஓய்வூதியமும் மாறிப்போகும். இன்னொன்று: 03/07 என்பது சில நாடுகளில் ஜூலை 3, அமெரிக்காவில் மார்ச் 7. மாதத்தை எழுத்தில் எழுதுங்கள்.

மூல ஆவணங்களை யாரிடமும் விட்டுவிட்டு வராதீர்கள். போட்டோகாப்பி கொடுங்கள். எல்லாவற்றையும் கைபேசியில் படம் எடுத்து உங்கள் மின்னஞ்சலுக்கே அனுப்பி வையுங்கள்.

மொழிபெயர்ப்பாளரைக் கேட்டு வாங்குங்கள்

"கொஞ்சம் விளங்கும், பரவாயில்லை" என்று சொல்லாதீர்கள். கடையில் சமாளிக்கும் மொழி வேறு, மருத்துவரிடமும் வாடகை ஒப்பந்தத்திலும் தேவைப்படும் மொழி வேறு. சந்திப்புக்கு நேரம் கேட்கும்போதே "தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும்" என்று சொல்லிவிடுங்கள். பெண்கள், பெண் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்றும் கேட்கலாம். ஆஸ்திரேலியாவில் டிஸ் (TIS) என்ற அரசின் மொழிபெயர்ப்புச் சேவை 24 மணி நேரமும் தொலைபேசியில் கிடைக்கிறது. வேறு பல நாடுகளிலும் நிறுவனங்களே ஏற்பாடு செய்யும்.

பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வந்து மொழிபெயர்க்கச் சொல்லாதீர்கள். பன்னிரண்டு வயதுப் பையன், தன் அம்மாவின் கர்ப்பப்பையைப் பற்றி மருத்துவர் கேட்டதை மொழிபெயர்க்க முடியாமல் தரையைப் பார்த்தபடி நின்றதை நான் மறக்கவில்லை. கணவனோ மனைவியோ மொழிபெயர்ப்பதும் எனக்கு உடன்பாடில்லை. வீட்டுக்குள் என்ன நடக்கிறது என்பதை அவர் முன்னால் எப்படிச் சொல்வீர்கள்?

தமிழ் என்று கேட்டால் மட்டும் போதாது, எந்தத் தமிழ் என்றும் சொல்லுங்கள். ஒருமுறை இலங்கைத் தமிழ்ப் பெண் ஒருவரோடு மருத்துவரிடம் போயிருந்தேன். தொலைபேசியில் வந்த மொழிபெயர்ப்பாளர் தமிழ்நாட்டுக்காரர். அந்தப் பெண் "மூண்டு மாசமா வருத்தம்" என்றார். யாழ்ப்பாணத்தில் வருத்தம் என்றால் நோய். அந்தப் பக்கத்தில் அது துக்கம் என்று போய்ச் சேர்ந்தது. மருத்துவர் குரலைத் தாழ்த்தி, தூக்கம் வருகிறதா, வாழவே பிடிக்கவில்லை என்று தோன்றுகிறதா என்று கேட்கத் தொடங்கினார். அந்தப் பெண்ணுக்கு இருந்ததோ வயிற்றுவலி. நான் இடையில் புகுந்து சொல்லியிருக்காவிட்டால் வேறு மாத்திரையோடு வீட்டுக்குப் போயிருப்பார். குறை யாரிடமும் இல்லை, சொல் ஒன்றுதான், பொருள் இரண்டு. கேட்கிற கேள்வி பொருத்தமில்லாமல் இருந்தால் நிறுத்துங்கள். "நான் சொன்னது அது இல்லை" என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு.

தலையாட்டுவதற்குப் பதிலாக

சந்திப்பு முடியும்போது ஐந்து நிமிடம் மிச்சம் வையுங்கள். புரிந்ததை நீங்களே திருப்பிச் சொல்லுங்கள்: "செவ்வாய்க்கிழமை நான் வங்கிக்குப் போக வேண்டும். இந்த இரண்டு தாளையும் கொண்டுபோக வேண்டும். பள்ளியோடு நீங்கள் பேசுவீர்கள். சரிதானே?" பாதி நேரம் "இல்லை, இல்லை, வங்கிக்கு நாங்களும் வருவோம்" என்று திருத்தம் வரும். அந்தத் திருத்தத்துக்காகத்தான் இவ்வளவும். அப்புறம் தேதி, நேரம், முகவரி, யாரைப் பார்ப்பது, எது யார் பொறுப்பு என்று ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். புது மொழியில் அம்மா முதலில் முழுசாகக் கற்றுக்கொண்ட வாக்கியமே "எழுதித் தாருங்கள்" என்பதுதான். பேருந்து ஓட்டுநரிடமும் அதையே கேட்பார், அவர்களும் எழுதிக் கொடுப்பார்கள்.

கடிதங்கள்

வந்த கடிதத்தைப் பயந்து அலமாரியில் போட்டு வைப்பது நம்மில் பலருக்குப் பழக்கம். விளங்காத கடிதம் எல்லாவற்றையும் உறையோடு அள்ளிக்கொண்டு வாருங்கள். உறையை எறியாதீர்கள். ஜெர்மனியில் அதிகாரபூர்வ முடிவுகள் பல மஞ்சள் உறையில் வரும். தபால்காரர் அந்த உறையில் எழுதும் தேதியிலிருந்துதான் மேல்முறையீட்டுக் காலம் எண்ணப்படுகிறது. உறை போனால் கணக்குப் போட ஆதாரம் போச்சு.

எல்லாக் கடிதமும் மோசடி என்று நினைப்பதும் தவறு. அமெரிக்காவுக்கு அகதியாக வருகிறவர்களின் விமானச் சீட்டை ஐ.ஓ.எம் என்ற குடிபெயர்வு அமைப்பு வட்டியில்லாக் கடனாகக் கொடுக்கும். ஏறக்குறைய ஆறு மாதம் கழித்துத் தவணை கேட்டுக் கடிதம் வரும். ஒரு குடும்பம் அதை ஏமாற்று வேலை என்று கிழித்துப் போட்டது. கட்டாமல் விட்டால் கடன் வரலாற்றில் ஏறும், பின்னால் வாடகைக்கு வீடு எடுக்கும்போது அது எதிரே வந்து நிற்கும். கையில் பணம் இல்லையென்றால் தவணையைக் குறைக்கச் சொல்லிக் கேட்கலாம்.

வீடு மாறினால் குடிவரவுத் துறைக்குச் சொல்லுங்கள். அமெரிக்காவில் பத்து நாளுக்குள் சொல்ல வேண்டும் என்பது சட்டம். நண்பர் வீட்டு முகவரியைக் கொடுத்துவிட்டு, விசாரணை அழைப்பு அங்கே கிடந்ததால் வாய்ப்பை இழந்தவர்கள் இருக்கிறார்கள்.

கேஸ் விஷயத்தில் எல்லை

என்னைப் போன்ற கேஸ் வொர்க்கர் பெரும்பாலும் சட்ட ஆலோசனை சொல்லக்கூடாது. "அக்கா, உங்கள் மனதுக்கு என்ன படுகிறது, கேஸ் வெல்லுமா?" என்று கேட்பார்கள். நான் வாயைத் திறக்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதீர்கள். பிரிட்டனில் பதிவோ தகுதியோ இல்லாமல் குடிவரவு ஆலோசனை சொல்வது குற்றம். கனடாவில் பணம் வாங்கும் ஆலோசகருக்கு உரிமம் வேண்டும். அமெரிக்காவில் வழக்கறிஞரோ, அரசின் நீதித் திணைக்களம் அங்கீகரித்த பிரதிநிதியோதான் சொல்லலாம். நிறுவனத்திலேயே அப்படி ஒருவர் இருக்கிறாரா, இலவச சட்ட உதவி எங்கே என்று எங்களிடம் கேளுங்கள், அதைச் சொல்வோம்.

வெற்றுப் படிவத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். "இன்னாருக்கு இந்தக் கதை வேலை செய்தது" என்று யாராவது கதை எழுதித் தந்தால் வாங்காதீர்கள். அடுத்தவர் கதையில் தேதி கேட்டால் நீங்கள் தடுமாறுவீர்கள். அப்போது உங்கள் உண்மையும் நம்பப்படாமல் போகும்.

சின்னச் சின்ன விஷயங்கள்

பிள்ளையின் பள்ளி காத்திருக்க வேண்டியதில்லை. 1951ஆம் ஆண்டின் அகதிகள் உடன்படிக்கை 22ஆம் பிரிவில், தொடக்கக் கல்வியில் அகதிப் பிள்ளைகளை நாட்டுப் பிள்ளைகளைப் போலவே நடத்த வேண்டும் என்கிறது. மொழி வகுப்பில் சேரும்போது, குழந்தையைப் பார்த்துக்கொள்ள இடம் உண்டா என்று கேளுங்கள். பட்டம், தொழில் சான்றிதழ் இருந்தால் அதை மதிப்பீடு செய்யும் வேலையை முதல் மாதத்திலேயே தொடங்குங்கள், நாள் பிடிக்கும். உறவினர் காணாமல் போயிருந்தால் செஞ்சிலுவைச் சங்கத்தின் தேடும் சேவை இலவசம்.

உங்கள் கேஸ் வொர்க்கர் சரியில்லை என்று தோன்றினால் வேறொருவரைக் கேட்கலாம். ஆனால் முதலில் இரண்டு வரி மின்னஞ்சல் அனுப்பிப் பாருங்கள்: பெயர், ஃபைல் எண், ஒரே ஒரு கேள்வி. நாளுக்குப் பத்து முறை தொலைபேசி அடிப்பதைவிட அது வேகமாக வேலை செய்யும். எங்கள் மேசையில் ஃபைல் மலைபோல் குவிந்திருக்கும், அதை நான் மறைக்கப் போவதில்லை.

ஃபைல் மூடும் தேதிக்கு ஒரு மாதம் முன்பே ஒரு சந்திப்புக் கேளுங்கள். அதில் மூன்று வாங்கிக்கொள்ளுங்கள்: உங்கள் ஃபைலில் உள்ள தாள்களின் நகல், இன்னும் முடியாத வேலைகளின் பட்டியல், ஒவ்வொன்றுக்கும் இனி யாரிடம் போவது என்ற பெயரும் முகவரியும். பட்டியலைப் பார்த்துத் தலையாட்டாதீர்கள், ஒவ்வொரு வரியாக வாசித்துக் காட்டுங்கள்.