இரவல் அறையில் ஒரு கண்காட்சி

என் முதல் கண்காட்சியின் தொடக்க மாலையில் நல்ல கூட்டம். நண்பர்கள், நண்பர்களின் நண்பர்கள், படங்களுக்கு முதுகைக் காட்டி நின்று எடுத்த செல்ஃபிகள். ஜெயித்துவிட்டோம் என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்குப் போனேன். மூன்றாம் நாள் மதியம் இரண்டரை மணி இருக்கும். முன்பின் தெரியாத ஒரு பெண்மணி தனியாக வந்தார். வீடியோ ஓடும் உள்ளறைக்குப் போனவர் வெளியே வரவே இல்லை. நாலைந்து நிமிடம் கழித்து எட்டிப் பார்த்தேன். சுவரில் படம் ஓடவில்லை. அப்டேட் முடிக்க ரீஸ்டார்ட் செய்யட்டுமா என்று கணினி கேட்டபடி நின்றிருந்தது. அதுதான் படைப்பு என்று நினைத்து அவர் மரியாதையாகப் பார்த்துக்கொண்டிருந்தார். போகும்போது “வித்தியாசமா இருந்தது” என்று வேறு சொன்னார்.

அதற்குப் பிறகு நான் கைவைத்த ஒவ்வொரு கண்காட்சியையும் அந்த மூன்றாம் நாள் மதியத்தை நினைத்துத்தான் திட்டமிடுகிறேன். தொடக்க மாலை எப்படியும் நடந்துவிடும். தனியாக வரும் ஒருவருக்கு, பக்கத்தில் நின்று விளக்க யாரும் இல்லாதபோது, அந்த அறை ஒழுங்காக வேலை செய்கிறதா? கேலரி ஆதரவு இல்லாமல் யாரோ கொடுத்த அறையில் நாமே கண்காட்சி வைப்பதற்கு நான் செய்யும் முறையைக் கீழே எழுதுகிறேன்.

அறையைப் பார்ப்பது

கேலரி கிடைக்கவில்லையே என்று குறைப்பட வேண்டாம். 1874 ஏப்ரல் 15 அன்று மோனே, தெகா, பிஸ்ஸாரோ, பெர்த் மோரிசோ என்ற ஓவியர்கள் உட்பட சுமார் முப்பது கலைஞர்கள் பாரிஸில் கண்காட்சி திறந்தது, நாதார் என்ற புகைப்படக்காரர் காலி செய்துவிட்டுப் போன ஸ்டூடியோவில்தான். 1988இல், பின்னாளில் புகழ்பெற்ற பிரிட்டிஷ் கலைஞர் டேமியன் ஹர்ஸ்ட், மாணவராக இருந்தபோதே சக மாணவர்களைச் சேர்த்துக்கொண்டு லண்டன் துறைமுகப் பகுதியில் சும்மா கிடந்த கட்டடம் ஒன்றில் கண்காட்சி நடத்தினார்.

அறையை ஒருமுறை பார்த்துவிட்டு ‘சரி’ சொல்லாதீர்கள். காலையில் ஒருமுறை, மதியம் மூன்று மணிக்கு ஒருமுறை, இருட்டிய பிறகு ஒருமுறை போங்கள். எந்தச் சுவரில் நேர் வெயில் விழுகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரில் நீர்வண்ணமும் புகைப்படமும் கூடாது. உள்ளங்கையைச் சுவரில் வைத்துப் பாருங்கள். ஜில்லென்று ஈரம் தட்டினால் காகிதப் படைப்புகள் ஒரே வாரத்தில் அலையலையாக நெளிந்துவிடும். பிளக் பாயின்ட்கள் எத்தனை, எங்கே, அவற்றில் மின்சாரம் வருகிறதா என்று போன் சார்ஜரைச் செருகியே சோதியுங்கள். படியேற முடியாதவர் உள்ளே வர வழி இருக்கிறதா, கழிப்பறை உண்டா, சாவி யாரிடம் இருக்கும் என்பதையும் அப்போதே கேட்டுவிடுங்கள்.

அப்புறம், எழுத்து. இடத்துக்காரர் எவ்வளவு நெருங்கியவராக இருந்தாலும் ஒரு பக்கமாவது எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். எந்தத் தேதியிலிருந்து எந்தத் தேதி வரை (மாட்டுவதற்கு மூன்று நாள், கழற்றுவதற்கு ஒரு நாள் சேர்த்து), ஆணி அடிக்கலாமா, மின்கட்டணம் யாருடையது, பொருள் உடைந்தால் யார் பொறுப்பு. இவ்வளவு போதும். எனக்கு ஒருமுறை ஐந்தாம் நாள் காலை போன் வந்தது: “நாளைக்கு சாமான் இறக்கணும், அறை வேணும்.” காட்டுவதற்கு என்னிடம் ஒரு துண்டுக் காகிதம்கூட இல்லை. பத்து நாள் கண்காட்சி ஐந்து நாளில் முடிந்தது.

குறைப்பது

குழுவாகச் செய்யும்போது பெரிய சண்டை இதில்தான் வரும். எல்லாருக்கும் எல்லாவற்றையும் வைக்க ஆசை. நான் செய்வது இது: எல்லாப் படைப்புகளையும் அறைக்குக் கொண்டுவந்து சுவரோரமாகத் தரையில் சாய்த்து வைக்கச் சொல்வேன். ஒருநாள் அப்படியே விட்டுவிட்டு மறுநாள் வந்து, மூன்றில் ஒரு பங்கை எடுத்துவிடுவோம். எடுக்கப்படுபவை மோசமானவை என்று அர்த்தமில்லை. பக்கத்தில் இருப்பதைப் பேசவிடாமல் செய்பவை, அவ்வளவுதான். இதை முதல் கூட்டத்திலேயே சொல்லிவிட்டால் மனக்கசப்பு பாதியாகக் குறையும். மீதிப் பாதி குறையாது.

மாட்டுவது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். படத்தின் மேல் விளிம்பையோ கீழ் விளிம்பையோ வரிசைப்படுத்தாதீர்கள். எல்லாப் படங்களின் மையமும் ஒரே உயரத்தில் இருக்கட்டும். தரையிலிருந்து 145 முதல் 155 சென்டிமீட்டர் வரை என்பது பொதுவான வழக்கம். நான் 150 வைத்துக்கொள்கிறேன். சக்கர நாற்காலியில் வருபவர்களையோ குழந்தைகளையோ அதிகம் எதிர்பார்த்தால் இன்னும் கொஞ்சம் இறக்குவேன்.

ஆணி எங்கே என்பதற்குக் கணக்கு உண்டு. சட்டத்தின் உயரம் 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கக் கம்பியை, படத்தின் எடை தொங்குவதுபோல, இரண்டு விரலால் மேல்நோக்கி இழுத்துப் பிடியுங்கள். சட்டத்தின் மேல் விளிம்புக்கும் கம்பிக்கும் இடையே 6 சென்டிமீட்டர் வருகிறது. 150 உடன் சட்டத்தின் பாதி உயரமான 30ஐக் கூட்டி, 6ஐக் கழித்தால் 174. தரையிலிருந்து 174 சென்டிமீட்டரில் கொக்கி. ஒரு கொக்கிக்குப் பதில் அதே உயரத்தில் இரண்டு கொக்கி அடித்தால், கதவைப் படீரென்று யாராவது சாத்தினாலும் படம் கோணாது. கம்பியை இழுத்துப் பார்க்கும்போது இரண்டு விரலுக்கும் நடுவே அந்தக் கொக்கிகளின் இடைவெளியே இருக்கட்டும். இல்லாவிட்டால் 6 என்பது 5 ஆகிவிடும்.

பக்கவாட்டுக் கணக்கு இன்னும் எளிது. சுவர் 480 சென்டிமீட்டர். 60 சென்டிமீட்டர் அகலத்தில் நான்கு படங்கள். சுவரில் மிஞ்சுவது 240. இதை ஐந்தாகப் பிரித்து 48, 48 என்று எல்லா இடைவெளியையும் சமமாக வைப்பவர்கள் உண்டு. எனக்கு அது பள்ளிக்கூட வகுப்புப் புகைப்படம் மாதிரித் தெரியும். படங்களுக்கு நடுவே 40 வைத்து, இரண்டு ஓரங்களிலும் 60 விடுவேன். நான்கும் ஒரு கூட்டமாகச் சேர்ந்து நிற்கும்.

பென்சில் குறி போடுவதற்கு முன் அந்த இடத்தில் மாஸ்கிங் டேப் ஒட்டி அதன்மேல் குறியுங்கள். சுவரும் அழுக்காகாது, துளையிடும்போது காரையும் அவ்வளவாக உதிராது. ரசமட்டத்தைச் சட்டத்தின் மேல் வைத்துப் பார்த்துவிட்டு, பத்தடி பின்னால் போய்க் கண்ணாலும் பாருங்கள். பழைய கட்டடங்களில் தரையே சரிந்திருக்கும். அங்கே ரசமட்டம் சொல்வது சரியாக இருந்தாலும் கண்ணுக்குக் கோணலாகத்தான் தெரியும். அப்படிப்பட்ட இடத்தில் நான் கண் பக்கம்.

வெளிச்சம்

கூரையில் இருக்கும் குழல் விளக்கை அணைத்துவிட்டு, திருப்பக்கூடிய ஸ்பாட் விளக்குகளுக்கு ஏற்பாடு செய்யுங்கள். 3000 கெல்வின் (சற்று மஞ்சள் சாய்ந்த வெள்ளை ஒளி), நிறத் துல்லியக் குறியீடான சி.ஆர்.ஐ. 90க்கு மேல் என்று பெட்டியில் போட்டிருக்கும் எல்இடி போதும். செங்குத்துக் கோட்டிலிருந்து சுமார் 30 டிகிரி சாய்வில் ஒளி விழட்டும். அதைவிடச் செங்குத்தாக விழுந்தால் சட்டத்தின் நிழல் படத்தின்மேல் நீளும். மிகவும் சாய்ந்து விழுந்தால் கண்ணாடியில் விளக்கு பளிச்சிடும், பார்ப்பவரின் நிழலும் படத்தில் விழும். காகிதம், புகைப்படம், துணி இவற்றுக்கு 50 லக்ஸ் அளவு வெளிச்சம் என்பது அருங்காட்சியகங்களின் பழக்கம். எண்ணெய் ஓவியத்துக்கு 200 வரை போகலாம். பத்து நாளில் நிறம் போய்விடாது என்பது உண்மைதான். ஆனால் இரவல் வாங்கி வந்த பழைய புகைப்படம் என்றால் நான் விளையாட மாட்டேன்.

பெயர்ச்சீட்டு

படைப்பாளியின் பெயர், தலைப்பு, ஆண்டு, ஊடகம் (எதில், எதைக்கொண்டு செய்தது), அளவு (உயரம் முதலில், பிறகு அகலம்). 18 புள்ளிக்கு (பாயின்ட்) குறையாத எழுத்து. படத்தின் வலது பக்கம், எல்லாம் ஒரே உயரத்தில். விளக்கம் எழுதினால் ஐம்பது சொற்களுக்குள் முடியுங்கள். “வெளி”, “உடல்”, “நினைவு” மூன்றும் ஒரே வாக்கியத்தில் வந்திருந்தால் அந்த வாக்கியத்தை அடித்துவிடலாம் என்பது என் அனுபவம். இரண்டு பக்கமும் ஒட்டும் மெல்லிய டேப்பை நம்பாதீர்கள்; இரண்டாம் நாள் காலை பாதிச் சீட்டுகள் தரையில் கிடக்கும். கெட்டி அட்டையில் அச்சடித்து, கழற்றும்போது சுவரைக் கெடுக்காத ஒட்டும் பசையை நான்கு மூலையிலும் வைத்து அழுத்துங்கள்.

வீடியோ, நிகழ்த்துக்கலை

பட்ட இடம் என்பதால் இதைக் கொஞ்சம் அழுத்திச் சொல்கிறேன். வீடியோ ஓடும் கணினியில் இணையத்தைத் துண்டியுங்கள். தானியங்கி அப்டேட், திரை அணைதல், ஸ்லீப், நோட்டிஃபிகேஷன் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். முடிந்தால் கணினியே வேண்டாம். பென் டிரைவைச் செருகினால் தானாகத் திரும்பத் திரும்ப ஓட்டும் சிறு மீடியா பிளேயர் போதும். திறப்பதற்கு முந்தின இரவு முழுக்க ஓடவிட்டு, காலையில் வந்து பாருங்கள். வீடியோ எத்தனை நிமிடம் என்று சீட்டில் போடுங்கள். நிற்பதா உட்காருவதா என்று பார்ப்பவர் அதை வைத்துத்தான் முடிவு செய்வார். பத்து நிமிடத்துக்கு மேல் ஓடினால் ஒரு பெஞ்ச் கட்டாயம்.

நிகழ்த்துக்கலை என்றால் பார்வையாளர் எங்கே நிற்பது, எப்போது நகர்வது என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். சொன்னால் சுதந்திரம் கெட்டுவிடும் என்பார்கள். பார்வையாளரையும் உள்ளே இழுக்கும் நிகழ்த்துக்கலைக்கு ‘ஹேப்பனிங்’ என்ற சொல்லைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்த அமெரிக்கக் கலைஞர் ஆலன் கேப்ரோ, 1959இல் நியூயார்க்கின் ரூபன் கேலரியைப் பிளாஸ்டிக் தடுப்புகளால் மூன்று அறையாக்கி நிகழ்த்தியபோது, எங்கே உட்கார வேண்டும், எப்போது இடம் மாற வேண்டும் என்று பார்வையாளர் கையில் அட்டையே கொடுத்தார். அவரே கொடுத்திருக்கிறார், நமக்கென்ன.

நேரமும் ஆளும்

காலை பத்து முதல் மாலை ஆறு வரை என்று போட்டால் வேலைக்குப் போகிறவர் எப்படி வருவார்? அந்த 1874 குழு இரவு எட்டு முதல் பத்து வரையும் திறந்து வைத்தது. அவர்களுக்கே முதல் நாள் 175 பேர், கடைசி நாள் 54 பேர்தான் வந்தார்கள். ஆகவே நம் அறையில் ஆறு பேர் வந்த நாளில் சோர்ந்துபோக வேண்டியதில்லை.

அறையில் எப்போதும் ஒருவர் இருக்க வேண்டும், முறைவைத்து. அவருக்கு ஒரே ஒரு தாள் எழுதிக் கொடுங்கள்: விளக்கு எந்த வரிசையில் போடுவது, வீடியோ நின்றால் என்ன செய்வது, யாருக்குப் போன் செய்வது. மணிக்கொரு முறை எழுந்து ஒரு சுற்று சுற்றிவர வேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். இல்லாவிட்டால் போனில் மூழ்கிவிடுவார். நானே மூழ்கியிருக்கிறேன், அந்தப் பெண்மணி அப்டேட் பார்த்ததே அதனால்தான்.

அறிவிப்பைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றும் இல்லை. தேதி, கிழமை, நேரம், இடம், எந்தக் கதவு. போஸ்டர் செய்பவர் அழகுக்காக இவற்றைப் பொடி எழுத்தில் போடுவார், விடாதீர்கள்.

பணம்

விற்றால் படைப்பாளிக்கு எவ்வளவு, பொதுச் செலவுக்கு எவ்வளவு என்று திறப்பதற்கு முன்பே எழுதிக்கொள்ளுங்கள். நட்டம் வந்தால் எப்படிப் பிரிப்பது என்பதையும் சேர்த்து எழுதுங்கள். இதைத்தான் எல்லாரும் விட்டுவிடுவார்கள். பாரிஸ் குழு 1874 டிசம்பரில் கணக்குப் பார்த்தபோது ஒவ்வோர் உறுப்பினர் தலையிலும் 184 பிராங்க் 50 சென்டிம் கடன் நின்றது. சங்கத்தையே கலைத்துவிட்டார்கள்.

கழற்றுவது

கழற்றும் நாளுக்கு யாரும் வரமாட்டார்கள். தொடக்க மாலையில் தோளில் கைபோட்டு நின்றவர்களிடம் அப்போதே இரண்டு பேர் பெயரை வாங்கி வையுங்கள். படைப்பு வந்தபோது நான்கு மூலைகளையும் பின்பக்கத்தையும் போனில் படம் பிடித்திருப்பீர்கள் அல்லவா, அதைப் பக்கத்தில் வைத்துச் சரிபார்த்து, உரியவரிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு ஒப்படையுங்கள். குமிழ் பிளாஸ்டிக்கை ஓவியத்தின்மேல் நேராகச் சுற்றாதீர்கள். வெயிலில் வண்டியில் போனால் குமிழ்களின் வட்டத் தடம் வண்ணத்தில் பதிந்துவிடும். முதலில் வழவழப்பான கிளாசின் காகிதம், அதற்கு மேல் குமிழ், குமிழ்ப் பக்கம் வெளியே பார்க்கும்படி.

பிறகு ஆணித் துளைகள். பட்டியால் அடைத்து, காய்ந்ததும் உப்புத்தாளால் தேய்த்து, அதே வெள்ளையைத் தொட்டுப் பூச வேண்டும். வெள்ளையிலேயே நூறு வெள்ளை இருக்கிறது என்பதால், மாட்டுவதற்கு முன்பே சுவரின் பெயின்ட் எது என்று இடத்துக்காரரிடம் கேட்டு ஒரு சின்ன டப்பாவில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். நாங்கள் கடைசியாகச் செய்த கண்காட்சியில் துளைகள் 62. எண்ணியே அடைத்தோம், 61தான் கிடைத்தது. அந்த ஒன்றை இடத்துக்காரர்தான் கண்டுபிடித்தார், சாவியை வாங்கிக்கொண்டபோது.