மாகோமேயிலிருந்து ட்சுமாகோவுக்கு: நக்காசெண்டோ மலைப்பாதையில் முதல் நடை

எடோ என்ற பழைய டோக்கியோவிலிருந்து மலைகளுக்கு நடுவே கியோட்டோ வரை போன சாலைதான் நக்காசெண்டோ. சுமார் 530 கிலோமீட்டர் நீளம். வழிப்போக்கர்கள் தங்கி இளைப்பாறவும் குதிரை மாற்றவும் 69 சத்திர ஊர்கள் இருந்தன. முதல்முறை போகிறவர்களுக்கு கிசோ பள்ளத்தாக்கில் மாகோமே, ட்சுமாகோ என்ற இரண்டு ஊர்களுக்கு இடைப்பட்ட 8 கிலோமீட்டரே போதும். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம்.

1. மாகோமேயில் தொடங்குங்கள். மாகோமே 600 மீட்டர் உயரத்திலும் ட்சுமாகோ 420 மீட்டர் உயரத்திலும் இருக்கின்றன. நடுவில் வரும் கணவாய் ஏறக்குறைய 800 மீட்டர். மாகோமே பக்கமிருந்து கிளம்பினால் ஏற்றம் சீக்கிரம் முடிந்துவிடும், மீதி வழி பெரும்பாலும் இறக்கம்தான்.

2. போய்ச் சேருவது. நகோயாவில் ஷினானோ விரைவு ரயிலைப் பிடித்தால் 50 நிமிடத்தில் நக்காட்சுகாவா. அங்கிருந்து மாகோமேக்குப் பேருந்தில் அரை மணி நேரம்.

3. சுமையை இறக்கி வையுங்கள். மார்ச் கடைசியிலிருந்து நவம்பர் வரை, காலையில் மாகோமே சுற்றுலாத் தகவல் நிலையத்தில் கட்டணம் கட்டிப் பெட்டியைக் கொடுத்தால், மதியம் ட்சுமாகோவில் வாங்கிக்கொள்ளலாம். தோளில் தண்ணீர், மழைச்சட்டை, சில்லறை யென் இருந்தால் போதும். சின்னக் கடைகளில் ரொக்கம்தான் கைகொடுக்கும்.

4. நடை. மாகோமேயின் கல் பாவிய தெரு எடுத்த எடுப்பிலேயே ஏற்றம். வழியில் கோஹேமோச்சி சுடும் வாசனை வரும். பாதி இடித்த சோற்றைக் குச்சியில் தட்டி, வால்நட் (அக்ரூட்) அரைத்த இனிப்புச் சாறு தடவித் தணலில் வாட்டுவார்கள். ஒன்று வாங்கிச் சாப்பிட்டுவிட்டே ஏறுங்கள். சைவர்கள் சோபா நூடுல்ஸ் கடையில் மட்டும் கவனமாக இருக்க வேண்டும்; அந்த ரசம் பெரும்பாலும் மீன் சேர்த்துக் காய்ச்சியது.

ஊரைத் தாண்டியதும் காட்டுப்பாதை. அங்கங்கே கம்பத்தில் ஒரு மணி தொங்கும். கரடிக்காக வைத்தது அது. ஒவ்வொரு மணியையும் பலமாக அடித்துவிட்டுப் போங்கள்; சத்தம் கேட்டால் கரடி பொதுவாக விலகிப் போய்விடும். கார்ச் சாலையைப் பலமுறை கடக்க வேண்டி வரும், ஆனால் வழிகாட்டிப் பலகைகள் தெளிவாக இருப்பதால் வழி தவறாது.

கணவாய்க்கு அப்புறம் இச்சிகோகுதோச்சி என்ற இடத்தில் ஒரு பழைய வீடு. உள்ளே தரையில் பதித்த அடுப்பில் தண்ணீர் கொதித்துக்கொண்டிருக்கும், வருகிறவர்களுக்குத் தன்னார்வலர்கள் தேநீர் தருவார்கள். காசு கேட்பதில்லை. உண்டியல் இருந்தால் முடிந்ததைப் போடுங்கள். இன்னும் கொஞ்ச தூரத்தில் ஓதாகி, மேதாகி என்ற இரட்டை அருவிகள்.

5. ட்சுமாகோவில் அவசரப்படாதீர்கள். இரண்டு ஊர்களில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். ரயிலும் புதிய சாலையும் வேறு வழியாகப் போனதால் ஊர் நொடித்து, ஆட்கள் ஒவ்வொருவராக வெளியேறினார்கள். மிச்சமிருந்தவர்கள் பழைய வீடுகளை இடிக்காமல் சீர்செய்யத் தொடங்கினார்கள். 1971-இல் எல்லோருமாகச் சேர்ந்து ஒரு சாசனம் எழுதினார்கள்: விற்க மாட்டோம், வாடகைக்கு விட மாட்டோம், இடிக்க மாட்டோம். அரசின் பாதுகாப்புப் பட்டியலில் 1976-இல்தான் ஊர் சேர்ந்தது. தெருவில் மின்கம்பிகள் கண்ணில் படாது, பகலில் வாகனங்களுக்கும் அனுமதி இல்லை. படையெடுப்பவர்களின் வேகத்தைக் குறைப்பதற்காகச் சாலையைச் சட்டென்று ஒடித்துத் திருப்பிய இடமும் அப்படியே இருக்கிறது.

முடிந்தால் இங்கே ஒரு மின்ஷுகுவில், அதாவது வீட்டோடு நடத்தும் விடுதியில், இரவு தங்குங்கள். முன்பதிவு கட்டாயம். பகல் கூட்டம் கிளம்பிய பிறகு தெருவே உங்களுக்குத்தான். இவை மக்கள் குடியிருக்கும் வீடுகள், அதனால் ஜன்னலுக்குள் கேமராவை நீட்டாதீர்கள்.

6. திரும்புவது. நாகிசோ ரயில் நிலையம் பேருந்தில் பத்து நிமிடம், நடந்தால் ஒரு மணி நேரம். பேருந்துகள் குறைவு; ட்சுமாகோவில் இறங்கியதுமே நேர அட்டவணையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.