டெய்லர் அக்கா ஏன் சூப்பர்வைசர் ஆவதில்லை? பனியன் கம்பெனி முதலாளிகளுக்கு

திருப்பூரில் எந்த பனியன் கம்பெனிக்குள் போனாலும் மெஷினில் உட்கார்ந்திருப்பவர்களில் பெண்கள் நிறைய. நோட்டும் கையுமாக லைனுக்கு நடுவே நடப்பவர் மட்டும் பெரும்பாலும் ஆண். ஏன் என்று கேட்டால், "கூப்பிட்டோம், அவங்கதான் வேண்டாம்னுட்டாங்க" என்பார்கள்.

சரி, எப்போது கூப்பிட்டீர்கள்? ஒன்றரை ஷிப்ட் முடிந்து ராத்திரி எட்டு மணிக்கு டீ குடித்துக்கொண்டு நிற்கிற நாலு பையன்களிடம் மேனேஜர் பேச்சுவாக்கில் சொன்னதுதானே அறிவிப்பு? சாயங்காலமே ஒரு ஷிப்டோடு கிளம்பிவிட்ட அக்காவுக்கு வேலை காலி என்பதே தெரியாது. பஞ்சிங் மெஷின் பக்கத்தில் நோட்டீஸ் ஒட்டுங்கள், சம்பளம், நேரம், என்ன தெரிந்திருக்க வேண்டும் எல்லாம் போட்டு. ஒடிசா, பீகார் ஆட்கள் இருந்தால் ஒடியாவிலும் இந்தியிலும் ஒட்டுங்கள், அவர்களையும் யாரும் கேட்டதில்லை.

அடுத்தது சம்பளம். பீஸ் ரேட்டில், அதாவது தைத்த எண்ணிக்கைக்குக் கூலி என்ற கணக்கில், வேகமாகத் தைக்கிறவர் சனிக்கிழமை கையில் வாங்குவது சூப்பர்வைசர் சம்பளத்தைவிடக் கூடுதல் என்றால், நஷ்டப்பட்டுத் திட்டு வாங்க யார் வருவார்கள்? அவருடைய கடைசி மூன்று மாத வரும்படியைக் கணக்குப் பார்த்து, அதற்குக் குறையாமல் கொடுங்கள். சரிப்படவில்லை என்றால் பழைய மெஷினுக்கே திரும்பலாம் என்பதையும் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

நேரம்தான் பெரிய சிக்கல், ஒரு ஷிப்டோடு கிளம்புகிற அக்காவால் ஒன்றரை ஷிப்ட் நிற்க முடியாது. லைன் ஓடும் நேரம் முழுக்க ஒரே ஆள் நிற்க வேண்டும் என்று எந்தச் சட்டமும் இல்லை, இரண்டு பேருக்குப் பிரித்துக் கொடுக்கலாம். செலவு கூடத்தான் செய்யும்.

50 பேரும் அதற்கு மேலும் வேலை பார்க்கும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் வேண்டும், தாய் ஒரு நாளைக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம் என்று மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தமே சொல்லிவிட்டது. பையர், அதாவது சரக்கு வாங்கும் கம்பெனி, ஆடிட்டுக்கு வரும் அன்று மட்டும் பூட்டைத் திறந்து பொம்மைகளைத் துடைத்து வைக்கிற அறையை நான் அதில் சேர்க்கவில்லை.

பத்துப் பேர் இருந்தாலே பாலியல் புகார்களுக்கு உள்ளகக் குழு வேண்டும் என்பது 2013 சட்டம். அதன் தலைவர் மேல்நிலைப் பொறுப்பில் உள்ள பெண்ணாக இருக்க வேண்டும். உங்கள் கம்பெனியில் அப்படி யாராவது இருக்கிறாரா என்று எண்ணிப் பாருங்கள், நிலவரம் புரிந்துவிடும்.

அப்புறம், புதிதாக சூப்பர்வைசர் ஆன அக்காவின் முதல் வாரம். ஒரு பீஸைப் பார்த்து 'ஆல்டர், பிரித்துத் தை' என்பார். டெய்லர் பையன் அதைத் தூக்கிக்கொண்டு நேராக மேனேஜரிடம் வருவான். "விடும்மா, இது போகும்" என்று மேனேஜர் அங்கே சொல்லிவிட்டால் கதை முடிந்தது, மறுநாளிலிருந்து லைனில் ஒருத்தரும் அவர் பேச்சைக் கேட்க மாட்டார்கள். பீஸைக் கையில்கூட வாங்காமல் "அக்காகிட்ட போ" என்று திருப்பி அனுப்பச் சொல்லுங்கள். அவர் சொன்னது தப்பாக இருந்தால், சாப்பாட்டு நேரத்தில் தனியாகப் பேசிக்கொள்ளலாம்.