பக்கத்து வீட்டு வைஃபை: அனுமதி என்று தவறாக நினைப்பவை

பாஸ்வேர்ட் இல்லாத வைஃபை பொதுச்சொத்து என்று நினைப்பதுதான் முதல் தவறு. தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000-இன் 43-ஆம் பிரிவு கேட்பது உரிமையாளரின் அனுமதி இருந்ததா என்பதைத்தான். பூட்டு இருந்ததா என்பதை அல்ல. அனுமதியில்லாமல் இணைவதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66-ஆம் பிரிவின்படி 3 ஆண்டு வரை சிறை, 5 லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும்.

அடுத்தது, பழைய பாஸ்வேர்ட். நம் இணைப்பு பழுதான இரண்டு நாளுக்கென்று கொடுத்தது அந்த இரண்டு நாளுக்குத்தான். ஆனால் போன் அதை நினைவில் வைத்துத் தானாகவே இணைந்துகொண்டிருக்கும். வேலை முடிந்ததும் வைஃபை பட்டியலில் அந்தப் பெயரை நீக்கிவிடுங்கள். அந்த வீட்டுப் பிள்ளையிடம் நைசாகக் கேட்டு வாங்குவதும் அனுமதி ஆகாது. பில் கட்டுபவரிடம் கேட்க வேண்டும்.

"அவங்களுக்கு அன்லிமிடெட்தானே, என்ன குறைஞ்சிடும்?" குறையும். 'அன்லிமிடெட்' ஃபைபர் திட்டங்கள் பலவற்றிலும் மாதம் 3300 ஜிபி போன்ற வரம்பு உண்டு. தாண்டினால் வேகம் சரியும். அதைவிடப் பெரிய பாதிப்பு ரூட்டரில். ரூட்டர் பயன்படுத்தும் ஒரு சேனலில், அதாவது ஒரு அலைவரிசையில், ஒரு நேரத்தில் பெரும்பாலும் ஒரு கருவிதான் பேச முடியும். இரண்டு சுவர் தாண்டி ஒற்றைக் கோட்டு சிக்னலில் இருக்கும் உங்கள் போன் அதே தகவலை அனுப்பப் பல மடங்கு நேரம் எடுக்கும். அந்த நேரமெல்லாம் வீட்டுக்காரரின் கருவிகள் காத்திருக்கும். மகளின் ஆன்லைன் வகுப்பு ஏன் திக்குகிறது என்று அவருக்குப் புரியாது.

பழியும் அவர்மேல்தான் விழும். ஒரே ரூட்டர் வழியாகப் போகும் எல்லாம் வெளியில் பொதுவாக ஒரே ஐபி முகவரியாக, அதாவது இணையத்தில் அந்த இணைப்பைக் காட்டும் ஒரே எண்ணாகத் தெரியும். அது அவர் பெயரில் இருக்கிறது. 2008-இல் அகமதாபாத் குண்டுவெடிப்பை ஒட்டி வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் வசித்த ஒருவரின் வைஃபை வழியாகப் போனது. போலீஸ் விசாரணை முதலில் அவர் வீட்டு வாசலில்தான் வந்து நின்றது.

கொடுப்பவர் செய்யும் தவறு, வீட்டின் முதன்மைப் பாஸ்வேர்டையே கொடுப்பது. ரூட்டர் அமைப்பில் 'கெஸ்ட் நெட்வொர்க்' (விருந்தினருக்கான தனி வைஃபை) இருந்தால் அதை இயக்கித் தனிப் பாஸ்வேர்ட் வையுங்கள். நாள் முடிந்ததும் அணைத்துவிடலாம். பாஸ்வேர்டுக்குப் பதில் ஒரு பின் எண்ணை வைத்தே வைஃபையில் இணையவிடும் டபிள்யூபிஎஸ் (WPS) வசதியையும் அணையுங்கள். அந்த 8 இலக்க பின் எண்ணை ரூட்டர் இரண்டு பாதியாகச் சரிபார்ப்பதால், அதிகபட்சம் 11,000 முயற்சியில் கண்டுபிடித்துவிட முடியும்.

மாதாமாதம் பில்லைப் பங்கிட்டுக்கொள்ள நினைத்தால், முதலில் இணைப்பு ஒப்பந்தத்தைப் படியுங்கள். வீட்டு இணைப்பை வேறு வீட்டுக்குத் தரக்கூடாது என்ற நிபந்தனை அதில் இருக்கலாம்.