மணவீட்டார் கேட்பதும் இடத்தார் மறுப்பதும்: செட்டிநாட்டில் டிஜே தொழில் தொடங்குவோருக்கு ஒரு செய்முறை விளக்கம்

காரைக்குடி, தேவகோட்டை, கானாடுகாத்தான், பள்ளத்தூர் என்று ஊர் ஊராக ஒலி அமைப்பை ஏற்றிச் சென்று திருமண மாலைகளை நடத்தித் தரும் டிஜேவுக்குக் கருவியை இயக்குவது பழகப் பழக வந்துவிடும். பணம் தருகிற மணவீட்டாரின் விருப்பமும் இடம் தருகிறவரின் விதியும் முரண்படும்போது இருவரையும் நோகடிக்காமல் வேலையை முடிப்பதுதான் புதியவர்களுக்குப் பெரிய சோதனையாக இருக்கிறது. நள்ளிரவு வரை ஆட்டம் வேண்டும் என்று ஒருவர் சொல்வார். பத்து மணிக்கு மேல் ஒரு சத்தமும் கூடாது என்று மற்றவர் சொல்வார். இந்த முரணை முன்பணம் வாங்குவதற்கு முன்பே வெளிக்கொண்டு வந்து, இரு தரப்பையும் ஒருவரோடு ஒருவர் நேரடியாகப் பேசவைத்து, முடிவை எழுத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். இருவருக்கும் நடுவில் நின்று சொல் சுமக்கிற வேலையை டிஜே ஏற்கவே கூடாது என்பது என் உறுதியான கருத்து. அதை நடைமுறையில் எப்படிச் செய்வது என்பதைப் படிப்படியாகச் சொல்கிறேன்.

படி 1: இடத்தின் சார்பில் முடிவு சொல்பவர் யார் என்று கண்டறியுங்கள்

மண்டபம் என்றால் மேலாளர் இருப்பார். பழைய வீட்டை விடுதியாக மாற்றியிருந்தால் அங்கும் ஒரு பொறுப்பாளர் இருப்பார். பூர்வீக வீட்டில் நடக்கும் திருமணத்தில்தான் கவனம் மிகுதியாகத் தேவை. நகரத்தார் வீடுகள் பல பங்காளிகளுக்குப் பொதுவானவை. வளவைச் (வீட்டின் நடு முற்றத்தைச்) சுற்றியுள்ள அறைகள் ஒவ்வொன்றும் ஒரு புள்ளிக்கு, அதாவது மணமான ஒரு குடும்பத்துக்கு, உரியதாக இருக்கும். உங்களை அழைத்தவர் ஒரு பங்குக்காரராக மட்டும் இருக்கலாம், முற்றத்தில் சப்வூபரை (தாழ்ந்த ஒலிகளுக்கான பெரிய ஸ்பீக்கரை) இறக்கும் நேரத்தில் இன்னொரு பங்குக்காரர் வந்து, “இதுக்கு யாருப்பா சம்மதம் கொடுத்தது?” என்று கேட்டால் உங்களிடம் பதில் இருக்காது. ஆகவே முதல் தொலைபேசிப் பேச்சிலேயே, “ஐயா, வீட்டு விஷயத்தில் யார் சொன்னால் எல்லோரும் ஏற்றுக்கொள்வார்கள்?” என்று பணிவாகக் கேட்டு, அவருடைய பெயரையும் எண்ணையும் குறித்துக்கொள்ளுங்கள். ஆண்டு முழுவதும் வீட்டைப் பார்த்துக்கொள்ளும் பணியாளரிடம் பேசுவதும் அவசியம். மின் இணைப்பு எங்கே இருக்கிறது, எந்தத் தூணில் கட்டக் கூடாது என்பன அவருக்கே தெரியும். ஆனால் அனுமதி தரும் அதிகாரம் அவரிடம் இருப்பதாக எண்ணிவிடக் கூடாது.

மணவீட்டார் தரப்பிலும் இதே கேள்வி உண்டு. மணமகளின் தோழிகள் அனுப்பும் பாடல் பட்டியல் ஒன்று, மணமகனின் அண்ணன் அனுப்புவது ஒன்று, பெண் வீட்டுப் பெரியவர் சொல்வது வேறொன்று என்று வந்து சேரும். இறுதிச் சொல் யாருடையது என்பதை அவர்களே முடிவு செய்து ஒருவரைக் காட்டட்டும். அந்த ஒருவரைத் தவிர வேறு யார் கேட்டாலும், “அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், உடனே செய்கிறேன்” என்பதே உங்கள் பதிலாக இருக்க வேண்டும்.

படி 2: விருப்பத்தைக் காரணத்தோடு சேர்த்துக் கேளுங்கள்

“சத்தம் அதிகம் வேண்டும்” என்பவருக்கு உண்மையில் வேண்டியது ஆட்டக்களம் நிறைவது. “டிஜேவே வேண்டாம்” என்கிற ஆச்சிக்கு வேண்டியது, சடங்கு நேரத்தில் நாதஸ்வரத்துக்குக் குறுக்கே வேறு ஒலி வராமலிருப்பது. காரணம் தெரிந்துவிட்டால் பாதி முரண்கள் முரண்களாகவே இருப்பதில்லை. மேளக்காரர்கள் வாசிக்கும் நேரங்களை முன்கூட்டியே வாங்கிக்கொண்டு, அந்த நேரங்களில் உங்கள் மிக்சரின் முதன்மை ஒலியை முழுவதுமாக இறக்கிவைப்பதாகச் சொல்லிப் பாருங்கள். “அப்படின்னா எனக்கு என்ன தம்பி ஆட்சேபம்” என்று அதே ஆச்சி சொல்லக்கூடும். இடத்தாரிடமும் அவ்வாறே கேட்க வேண்டும். சப்வூபர் கூடாது என்று விடுதி சொன்னால், அது பக்கத்து வீட்டுக்காரரின் புகாராலா, மேல்மாடி அறையில் தங்கியிருக்கும் மற்ற விருந்தினர்களுக்காகவா, பழைய கண்ணாடிப் பலகணிகள் அதிர்வதாலா என்று தெரிந்தால்தான் மாற்று வழி சொல்ல முடியும்.

படி 3: நேரில் போய்ப் பாருங்கள், அளந்து பாருங்கள்

படத்தில் பார்த்த வளவு வேறு, நின்று கைதட்டிப் பார்க்கும் வளவு வேறு. கல் தூண்களும், முட்டை வெண்கருவும் சுண்ணாம்பும் சேர்த்து இழைத்த வழவழப்பான சுவர்களும், ஆத்தங்குடி ஓடு பதித்த தரையும் ஒலியை உறிஞ்சாமல் திருப்பி அனுப்புகின்றன. இரண்டு பெரிய ஸ்பீக்கர்களை ஒரு மூலையில் வைத்து உரக்க ஒலித்தால் சொற்கள் குழம்பும். ஆடுபவர்களுக்குத் தெளிவு கிடைக்காது. அறைகளில் இருப்பவர்களுக்கோ இரைச்சல் மட்டும் போய்ச் சேரும். நான்கு சிறிய ஸ்பீக்கர்களை ஆட்டக்களத்தின் நான்கு பக்கமும் உட்புறம் நோக்கி, காதுக்குச் சற்று மேலான உயரத்தில் நிறுத்தி, ஒவ்வொன்றையும் குறைந்த அளவில் ஒலிக்கவிட்டால் களத்துக்குள் நிறைவும் வெளியே அமைதியும் ஒரே நேரத்தில் கிடைக்கும். மணவீட்டாரின் விருப்பத்தையும் இடத்தாரின் விதியையும் ஒன்றாக நிறைவேற்ற எனக்குத் தெரிந்தவற்றில் இதைவிடப் பயனுள்ள வழி இல்லை.

கணக்கு ஒன்றையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். திறந்தவெளியில் தூரம் இரு மடங்காகும்போதெல்லாம் ஒலி அளவு ஏறக்குறைய 6 டெசிபல் குறைகிறது. ஸ்பீக்கரிலிருந்து 2 மீட்டரில் 95 டெசிபல் இருந்தால் 4 மீட்டரில் 89, 8 மீட்டரில் 83, 16 மீட்டரில் 77 என்று இறங்கி, 128 மீட்டரில்தான் 59-க்கு வருகிறது. அதாவது இருவர் சாதாரணமாகப் பேசும் அளவு. நடுவில் இருக்கும் சுவர்கள் உயர் ஒலிகளை நன்றாகத் தடுக்கும். பேஸ் எனப்படும் தாழ்ந்த ஒலியை அந்த அளவுக்குத் தடுப்பதில்லை. செட்டிநாட்டு வீடுகள் பல ஒரு தெருவில் முகப்பும் அடுத்த தெருவில் பின்வாசலுமாக நீண்டு கிடப்பதால், கேட்கும் அயலார் இரண்டு தெருக்களில் இருக்கிறார்கள் என்பதையும் மறக்க வேண்டாம். கைப்பேசியிலுள்ள ஒலிமானிச் செயலி துல்லியமாக இராது என்றாலும், களத்தில் எவ்வளவு, வாசலில் எவ்வளவு, பின்தெருவில் எவ்வளவு என்று ஒப்பிட்டுப் பார்க்கப் போதும்.

அதே வருகையில் மின்சாரத்தையும் பாருங்கள். பழைய வீட்டுக் கம்பிகளில் சமையல் கொட்டகையும் அலங்கார விளக்குகளும் உங்கள் ஆம்ப்ளிஃபயரும் ஒன்றாகத் தொங்கக் கூடாது. தனி ஜெனரேட்டர் இணைப்பும் சரியான எர்த்தும் வேண்டும் என்று அன்றே சொல்லிவிடுங்கள். ஆணி அடிப்பது, பர்மா தேக்குத் தூணில் ஒட்டுநாடா ஒட்டுவது, ஓட்டுத் தரையில் இரும்புத் தாங்கியை நேராக ஊன்றுவது ஆகியவற்றை யாரும் தடுக்காவிட்டாலும் நாமே தவிர்க்க வேண்டும். ரப்பர் விரிப்பு எப்போதும் வண்டியில் இருக்கட்டும். வண்ணக் காகிதத் தூவல் ஈரம் பட்டால் சாயம் விடும். கையால் செய்த அந்த ஓடுகளில் கறை ஏறினால் அதே தோற்றத்தில் மாற்று ஓடு தேடுவது பெரும்பாடு. மணமக்கள் ஆசைப்பட்டாலும் தூவலையும் தீப்பொறிக் கருவியையும் இடத்தாரின் எழுத்து அனுமதி இல்லாமல் ஏற்காதீர்கள்.

படி 4: சட்டம் சொல்வதைத் தெரிந்துகொள்ளுங்கள்

ஒலி மாசு (ஒழுங்குமுறை மற்றும் கட்டுப்பாடு) விதிகள், 2000 இந்தியா முழுவதற்கும் பொருந்தும். ஒலிபெருக்கிக்கு உரிய அலுவலரின் எழுத்து மூலமான அனுமதி தேவை. உள்ளூர்க் காவல் நிலையத்தில் கேட்டு விண்ணப்பத்தைத் தொடங்கலாம். இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கி இயக்கக் கூடாது. விருந்து மண்டபம், சமுதாயக் கூடம் போன்ற மூடிய இடங்களில், உள்ளிருப்பவர்களுக்காக இயக்குவதற்கு மட்டும் விலக்கு உண்டு. வளவின் முற்றம் வானம் பார்த்தது. “வீட்டுக்குள்தானே போடுகிறோம்” என்று மணவீட்டார் சொன்னாலும் அதை மூடிய இடமாகக் கொள்ள முடியாது என்றே நான் கருதி நடக்கிறேன். குடியிருப்புப் பகுதிக்கு வகுத்த அளவு பகலில் 55, இரவில் 45 டெசிபல். தனியார் இடத்தின் எல்லையில் அதைவிட 5 டெசிபலுக்கு மேல் கூடக் கூடாது. மருத்துவமனை, பள்ளி, நீதிமன்றம் ஆகியவற்றைச் சுற்றிக் குறைந்தது 100 மீட்டர் அமைதி மண்டலமாக அறிவிக்கப்படலாம் என்பதால் அதையும் விசாரித்துக்கொள்ளுங்கள்.

பாடல் உரிமம் பற்றியும் தகராறு வரும். திருமண ஊர்வலத்திலும் திருமணத்தோடு தொடர்புடைய சமூக விழாக்களிலும் பாடல்களை ஒலிப்பது உரிமை மீறல் ஆகாது என்று 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டத்தின் 52(1)(இசட்ஏ) பிரிவு கூறுகிறது. இருந்தும் சில விடுதிகள் உரிமச் சான்று கேட்கின்றன. அப்படிக் கேட்டால் அந்தப் பிரிவைச் சுட்டிக்காட்டுங்கள்; அதற்குமேல் விடுதி வற்புறுத்தினால் அது மணவீட்டாரும் விடுதியும் பேசித் தீர்க்க வேண்டிய செய்தி. நிறுவன விழா, புத்தாண்டுக் கொண்டாட்டம் போன்றவற்றுக்கு இந்த விலக்கு பொருந்தாது.

படி 5: மறுப்பை மட்டும் கொண்டுபோகாமல் மாற்று வழியோடு போங்கள்

நள்ளிரவு வரை ஆட்டம் கேட்பவரிடம் “முடியாது” என்று சொல்லி நிறுத்தினால் அவர் வேறொரு டிஜேவைத் தேடுவார். அந்த டிஜேவும் அதே பத்து மணிக்கு நிறுத்தப்படுவார். நேரத்தைப் பின்னிருந்து எண்ணிக் காட்டுங்கள். 9.50-க்குக் கடைசிப் பாடல் என்றால், ஆட்டத்துக்கு இரண்டரை மணி நேரம் வேண்டுமானால் 7.20-க்குத் தொடங்க வேண்டும். அதற்கு மணமக்கள் அலங்காரம் முடிந்து 7 மணிக்கு வந்துவிட வேண்டும். முதல் பந்தியை ஆட்டத்துக்கு முன்னும் மற்றதைப் பின்னும் வைக்க வேண்டும். இப்படித் தாளில் எழுதிக் காட்டும்போது, நேரத்தைத் தின்பது விடுதியின் விதியல்ல, தாமதமான தொடக்கம்தான் என்பதை அவர்களே பார்த்துவிடுகிறார்கள். நான் பேசிப் பார்த்தவரை பெரும்பாலான குடும்பங்கள் இந்த இடத்திலேயே இறங்கி வந்திருக்கின்றன.

அதற்கு மேலும் இளையவர்களுக்கு ஆசை இருந்தால், மூடிய கூடம் ஏதேனும் இருக்கிறதா என்று பாருங்கள். அல்லது கம்பியில்லா ஹெட்ஃபோன்களை வாடகைக்கு எடுத்து, ஸ்பீக்கரை அணைத்துவிட்டு, ஆடுபவர் காதுகளில் மட்டும் பாடல் ஒலிக்கும்படி செய்யலாம். வெறும் காதோடு பார்க்கும் பெரியவர்களுக்கு அது விசித்திரமாக இருக்கும் என்பதை முன்பே சொல்லிவைப்பது நல்லது. சப்வூபர் கூடாது என்ற விதிக்கு, மிகத் தாழ்ந்த அலைகளை வடிகட்டி வெட்டிவிட்டு, 100 ஹெர்ட்ஸுக்குச் சற்று மேலுள்ள பகுதியைக் கொஞ்சம் உயர்த்தினால் குத்துப் பாட்டின் அடி குறைந்த அதிர்விலும் உணரப்படும்.

மண்டபத்துக்கென்று வழக்கமான சவுண்ட் சர்வீஸ் இருந்து, வெளியார் செட் கூடாது என்று சொன்னால் வாதாட வேண்டாம். அவர்களுடைய ஸ்பீக்கர்களையே பயன்படுத்தி, பாடல்களை இயக்கும் உங்கள் கண்ட்ரோலரிலிருந்து ஒலியை மட்டும் அவர்கள் மிக்சருக்குக் கொடுங்கள். மணவீட்டாருக்கான கட்டணத்தையும் அதற்கேற்பக் குறையுங்கள். முந்தைய நாளே போய் இணைப்பைச் சோதித்து, அங்குள்ள அண்ணனிடம் மரியாதையாகப் பேசிவைத்தால் அன்றிரவு அவரே உங்களுக்குத் துணையாக இருப்பார்.

படி 6: எல்லாவற்றையும் ஒரே செய்தியில் எழுதுங்கள்

இடத்தாரையும் மணவீட்டாரையும் சேர்த்து ஒரு வாட்ஸ்ஆப் குழு தொடங்கி, இந்த வடிவில் அனுப்புங்கள்:

“வணக்கம். 14-ஆம் தேதி வரவேற்பு நிகழ்ச்சிக்கு இரு தரப்பும் ஒப்புக்கொண்டவை: மாலை 7.20 தொடக்கம், இரவு 9.50 நிறைவு. வளவில் நான்கு ஸ்பீக்கர்கள், சப்வூபர் இல்லை. மேளம் வாசிக்கும் நேரத்தில் பாடல் இல்லை. ஜெனரேட்டரும் காவல் துறை அனுமதியும் மணவீட்டார் பொறுப்பு. ஒலி அளவில் இடத்தின் சார்பில் மேலாளர் சொல்வதும், பாடல் தேர்வில் மணமகளின் அண்ணன் சொல்வதும் இறுதி. இரு தரப்பும் சரி என்று பதில் அனுப்பியபின் முன்பணம் பெற்றுக்கொள்கிறேன்.”

இடத்தாரோ காவல் துறையோ இடையில் நிறுத்தச் சொன்னாலும் பேசிய கட்டணம் குறையாது என்பதை மணவீட்டாருடனான தனி ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். இதைச் சொல்லத் தயங்க வேண்டியதில்லை.

படி 7: நிகழ்ச்சி இரவில்

மேலாளர் வந்து குறைக்கச் சொன்னால் முதலில் குறையுங்கள், பிறகு பேசுங்கள். பேஸை முதலில் இறக்குங்கள். வெளியே கேட்பது பெரும்பாலும் அதுதான், களத்தில் இருப்பவர்களுக்கோ அந்தக் குறைவு அவ்வளவாகத் தெரியாது. உறவினர் ஒருவர் வந்து, “நாங்க காசு கொடுக்கிறோம், நீ ஏத்துப்பா” என்றால், “அண்ணே, அவரும் நீங்களும் ஒரு நிமிஷம் பேசிட்டு வாங்க, நான் காத்திருக்கேன்” என்று சொல்லி இருவரையும் சேர்த்துவிடுங்கள். எக்காரணம் கொண்டும் மைக்கில், “மண்டபத்தார் நிறுத்தச் சொல்கிறார்கள்” என்று அறிவிக்காதீர்கள். நூறு பேர் ஒருவர் மேல் கோபப்படுவார்கள், அந்த ஒருவர் அடுத்த முகூர்த்தத்துக்கு உங்களை உள்ளே விடமாட்டார். 9.40-க்கு, “இன்னும் இரண்டு பாடல்கள், பிறகு மணமக்களோடு படம் எடுத்துக்கொள்ளலாம்” என்று கனிவாகச் சொன்னால் கூட்டம் தானே அடங்கும்.

வீடு திரும்பியதும் ஒவ்வோர் இடத்துக்கும் ஒரு பக்கம் ஒதுக்கி, முடிவு சொன்னவர் யார், மின் இணைப்பு எங்கே, ஸ்பீக்கர்களை எங்கே நிறுத்தினீர்கள், வாசலிலும் பின்தெருவிலும் எவ்வளவு ஒலி கேட்டது, எந்த நேரத்தில் யார் புகார் சொன்னார் என்று எழுதிவையுங்கள். தையில் அதே வீட்டில் இன்னொரு பங்காளி வீட்டுத் திருமணம் வரும்போது, பேச்சைத் தொடங்க அந்தப் பக்கம் போதும்.