செங்காந்தளை அழுகவிட்டவள் எழுதுகிறேன்: நம் மண்ணின் பூச்செடிகள்

என் தோட்டத்தில் இருப்பதெல்லாம் இந்த மண்ணின் செடிகள் என்றுதான் பல வருடம் நினைத்துக்கொண்டிருந்தேன். ஒருநாள் உட்கார்ந்து கணக்கெடுத்தேன். காகிதப்பூ பிரேசில், நித்தியகல்யாணி மடகாஸ்கர், செண்டுமல்லி மெக்சிகோ. அந்திமந்தாரையும் அமெரிக்கப் பக்கத்திலிருந்து வந்ததுதான். நம்முடையது என்று மிஞ்சியது மூலையில் கிடந்த ஒரு கனகாம்பரம் மட்டுமே. வந்தவற்றைப் பிடுங்கி எறியவில்லை, அவை பாட்டுக்கு இருக்கட்டும். காலியாகும் இடத்தில் மட்டும் நம் செடிகளை வைக்க ஆரம்பித்தேன்.

முதல் வருடம் வைத்ததில் பாதி செத்துப்போனது. தினமும் தண்ணீர், மாதாமாதம் எரு என்று ரோஜாவைக் கவனிப்பது போல் கவனித்துத்தான் கொன்றேன்.

அதனால் செடிக்கு முன்னால் இடத்தைப் பாருங்கள். ஓர் அடி ஆழத்துக்குக் குழி தோண்டி, நிறையத் தண்ணீர் ஊற்றுங்கள். அது வடிந்ததும் மறுபடி ஊற்றுங்கள். இரண்டாம் முறை ஊற்றியது மறுநாள் காலையிலும் தேங்கி நின்றால் அங்கே ஆவாரையும் வேண்டாம், செங்காந்தளும் வேண்டாம். மண்ணை மேடாக்கி, மணல் கலந்து, அதன்மேல் நடலாம்.

ஆவாரையில் தொடங்குவதுதான் நல்லது. வெயில் எவ்வளவு அடித்தாலும் தாங்கும். விதைத்தோல் மட்டும் கல் மாதிரி இருக்கும், அப்படியே போட்டால் பல விதைகள் முளைக்காது. விதையின் ஒரு பக்கத்தை உப்புத்தாளில் உள்நிறம் லேசாகத் தெரியும்வரை தேய்த்து, ராத்திரி தண்ணீரில் போடுங்கள். காலையில் உப்பியிருந்தால் விதைக்கலாம். உப்பாததை இன்னொரு தடவை தேய்க்க வேண்டும். ஆணிவேர் வேகமாகக் கீழே இறங்கும், பிடுங்கி நட்டால் கோபித்துக்கொள்ளும். எனவே அது நிற்க வேண்டிய இடத்திலேயே விதையுங்கள். வேர் பிடிக்கும்வரை தண்ணீர் விட்டு, பிறகு கொஞ்சம் கொஞ்சமாக நிறுத்திவிடலாம். எரு வேண்டாம், போட்டால் இலைதான் கொழிக்கும்.

பூத்த பிறகு ஒரு காலை நேரம் அதன் பக்கத்தில் சும்மா நில்லுங்கள். ஆவாரம்பூவில் தேன் கிடையாது. மகரந்தப்பையின் நுனியில் உள்ள சிறு துளை வழியாகத்தான் மகரந்தம் வெளியே வரும். கன்னங்கரேல் என்று ஒரு பெரிய தச்சுத்தேனீ வந்து பூவைக் கட்டிப்பிடித்து, உடம்பை அதிரவிட்டு அதை உதிர்க்கும். பறக்கும்போது வரும் ரீங்காரம் வேறு, இந்த உறுமல் வேறு. ஒரு தடவை கேட்டால் மறக்காது.

சரி, செங்காந்தளுக்கு வருவோம். இதன் கிழங்கு ஏர்க்கலப்பை போல வளைந்திருக்கும், கலப்பைக் கிழங்கு என்ற பெயரே அதனால்தான். கிழங்கின் ஒவ்வொரு கையின், அதாவது கிளையின், நுனியிலும் ஒரு முளை உண்டு. நகம் பட்டு அது ஒடிந்தால் அந்தக் கை அநேகமாக வீண், அதனால் முட்டையைப் பிடிப்பது போல் பிடியுங்கள். கிழங்கைப் படுக்கவைத்து, 2 அல்லது 3 அங்குல ஆழத்தில் மூடுங்கள். கிழங்கு உட்பட செடி முழுக்க நஞ்சு. கையுறை போட்டுக்கொள்ளுங்கள்; குழந்தைகளோ ஆடுமாடோ நடமாடும் வீடு என்றால் இந்தச் செடியே வேண்டாம். காட்டிலிருந்து தோண்டி எடுக்காதீர்கள், பயிரிடுபவர்களிடம் வாங்குங்கள்.

கொடிக்குத் தடி மூங்கில் நட்டு நான் ஏமாந்தேன். இலை நுனியே சுருண்டு பற்றுக்கம்பியாக மாறித்தான் இது ஏறும், அந்த நுனிக்குத் தடி மூங்கில் பிடிபடாது. மெல்லிய குச்சியோ கம்பியோ போதும். பூ விரியும்போது பச்சையும் மஞ்சளுமாக இருக்கும், நாளாக ஆகச் சிவப்பு நுனியிலிருந்து கீழே இறங்கும்.

பூத்து முடிந்ததும் கொடி மஞ்சளாகிக் காய்ந்துவிடும். இங்கேதான் நான் தவறினேன். ஐயோ வாடுகிறதே என்று இன்னும் தண்ணீர் ஊற்றினேன். தோண்டிப் பார்த்தபோது கிழங்கு கையில் கூழாக வந்தது, நாற்றம் வேறு. அது சாகவில்லை, தூங்கப் போயிருந்தது. கொடி காய்ந்ததும் தண்ணீரை அறவே நிறுத்துங்கள். தொட்டியில் இருந்தால் மழை படாத இடத்துக்கு நகர்த்துங்கள். மறுபடி முளை எட்டிப்பார்க்கும்வரை தொடவே தொடாதீர்கள்.

வெட்சி, அதாவது இட்லிப்பூ, குச்சி நட்டாலே வரும். அதை மதில் ஓரத்தில் மட்டும் வைக்காதீர்கள். என் செடியின் இலை வெளுத்து, நரம்பு மட்டும் பச்சையாக நின்றது. தோண்டினால் வீடு கட்டியபோது கொட்டிய சிமெண்டுக் காரை! காரை மண்ணைச் சுண்ணாம்பாக்கிவிடும், அதில் இரும்புச் சத்தை வேர் எடுக்க முடியாது. இடம் மாற்றி, இலைமக்கு போட்டு, மழைத்தண்ணீர் விட்டேன். புதுத் துளிர் பச்சையாக வந்தது.

பவழமல்லிக்கு இடம் தாராளமாக விடுங்கள், அவ்வளவுதான்.

அப்புறம், ஆவாரையில் பச்சைப் புழுக்கள் வரும். மருந்தை எடுக்காதீர்கள், அவை வெளிர்மஞ்சள் பட்டாம்பூச்சியின் குஞ்சுகள். ஒரு கிளை மொட்டையானாலும் செடி திரும்பத் துளிர்க்கும்.

கனகாம்பரத்துக்கு மட்டும் அரைநிழலும் கொஞ்சம் ஈரமும் வேண்டும். விதை எடுக்க, காய்ந்த கதிரைக் கிண்ணத்தில் வைத்துத் தண்ணீர் தெளித்து, உடனே மேலே ஒரு துணியைப் போட்டு மூடுங்கள். ஈரம் பட்டதும் காய்கள் டிக் டிக் என்று வெடித்து விதையை எறியும். துணி போட மறந்த வருடம் துவைக்கிற கல்லின் வெடிப்பில் இரண்டு செடிகள் முளைத்தன. இப்போது துணியை வேறு இடத்தில் துவைக்கிறேன்.